சர்வே ரிப்போர்ட்டில் சிவப்பு 3 விழுந்தால்: முதல் வீடு வாங்குபவருக்கு ஒரு வழிமுறை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ முதல் வீட்டுக்கு விலை பேசி, சர்வேயருக்குப் பணம் கட்டி, வந்து சேர்ந்த நீண்ட பிடிஎஃப்பைத் திறந்ததும் கலங்கிப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் விற்பவரே ஹோம் ரிப்போர்ட் எடுத்துத் தரவேண்டும் என்பதால் அங்கே நடைமுறை வேறு. நான் சர்வேயர் இல்லை. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளைத் திருத்தும் வேலை செய்கிறேன். ஹாரோ, வெம்பிளி பக்கத்து 1930களின் இரட்டை வீடுகளும், ஈஸ்ட் ஹாம் பக்கத்து விக்டோரியா காலத்து வரிசை வீடுகளும்தான் எனக்கு அதிகம் பழக்கம். தெரிந்தவர்கள் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு "வாங்கலாமா, விடலாமா?" என்று கேட்கிறார்கள். ரிப்போர்ட் அதற்குப் பதில் சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. சர்வேயர் எதைக் கண்டார், எதைக் காண முடியவில்லை, எதை உடனே கவனிக்கவேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. செலவு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

தொடங்கும் முன்: கையில் இருப்பது சர்வேதானா?

வங்கி அனுப்பிய மோர்ட்கேஜ் வேல்யுவேஷனைச் சர்வே என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வங்கி தன் கடனைப் பாதுகாத்துக்கொள்ளச் செய்வது. சில வேளைகளில் வீட்டுக்குள் யாரும் வராமலே கணினியில் முடிந்துவிடும். அதில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால் வீட்டில் குறை இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

சர்வே என்றால், சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ்ஸின் உறுப்பினர் ஒருவர் எழுதிய லெவல் 1, 2 அல்லது 3. லெவல் 2இல் சர்வேயர் தரைவிரிப்பைத் தூக்க மாட்டார், அலமாரியை நகர்த்த மாட்டார், கூரையைத் தரையில் நின்று பார்ப்பார். லெவல் 3 இன்னும் ஆழமாகப் போகும். நூறு வயதைத் தாண்டிய வீடு, பலமுறை இடித்துக் கட்டிய வீடு, உங்கள் கண்ணுக்கே சந்தேகம் தட்டும் வீடு ஆகியவற்றுக்கு லெவல் 3தான் சரி.

வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் சர்வேயர் நிறத்தோடு ஓர் எண் போடுவார். பச்சை 1 வழக்கமான பராமரிப்பு. மஞ்சள் 2 திருத்தவேண்டியது, ஆனால் அவசரமில்லை. சிவப்பு 3இல்தான் குழப்பம். பாரதூரமான குறைக்கும் 3 போடுவார்கள். "இதை உடனே யாராவது சோதிக்கவேண்டும்" என்பதற்கும் அதே 3தான். ஆகவே எல்லா 3களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "கண்டது" அல்லது "காணாதது" என்று குறியுங்கள். "கூரை ஓடு நழுவியிருக்கிறது" கண்டது. "மின்சாரச் சான்றிதழ் காட்டப்படவில்லை" காணாதது. பத்து 3 வந்த ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் காணாதவையாக இருப்பது சாதாரணம்.

அடுத்து, சர்வேயருக்குத் தொலைபேசி எடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. எழுத்தில் வழக்குக்குப் பயந்து வளைத்து வளைத்துச் சொன்னதை வாயால் நேராகச் சொல்லிவிடுவார்கள். "இந்த 3களில் உங்களுக்கு உண்மையில் கவலை தருவது எது?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துவைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: எஃப் பிரிவு முழுவதும் 3, ஆனால் குறை என்னவென்று எழுதவில்லை

எஃப்1 மின்சாரம், எஃப்2 எரிவாயு, எஃப்4 வெப்பமூட்டல். சர்வேயர் இவற்றை இயக்கிச் சோதிப்பதில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான். அண்மைய சான்றிதழ் கண்ணில் படாவிட்டால் 3 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பதறவேண்டிய 3 அல்ல இது.

செலவில்லாத வழி: சான்றிதழ் இருக்கிறதா என்று விற்பவரிடம் சொலிசிட்டர் மூலம் கேளுங்கள். மின்சாரத்துக்கு ஈஐசிஆர் (வயரிங்கைச் சோதித்த அறிக்கை), பாய்லருக்குக் கடைசி சர்வீஸ் தாள். பலமுறை சமையலறை இழுப்பறையில் கிடக்கும் தாளே 3ஐ 1 ஆக்கிவிடும்.

தாள் இல்லையென்றால் மீண்டும் வீட்டைப் பார்க்கப் போகும்போது மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்பி சுற்றிய பழைய ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தால், அல்லது கறுப்பு ரப்பர் உறை போட்ட வயர் எங்காவது வெளியே தெரிந்தால், வீடு முழுக்க வயரிங் மாற்றும் செலவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பல ஆயிரம் பவுண்டு. சுவரை வெட்டிப் பூசுவது தனி. சுவிட்சுகளோடு நவீனப் பெட்டி இருந்தால் ஈஐசிஆர் சோதனைக்குச் சில நூறு பவுண்டு போதும். என்ஐசிஇஐசி, நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிந்தவரை அழையுங்கள். வரும் அறிக்கையில் சி1 என்றால் இப்போதே ஆபத்து, சி2 என்றால் ஆபத்தாகக்கூடும், சி3 என்றால் மேம்படுத்தினால் நல்லது, எஃப்ஐ என்றால் இன்னும் சோதிக்கவேண்டும். சி3 மட்டும் எத்தனை வந்தாலும் அறிக்கை தேறிவிடும். சி3 பட்டியலைக் காட்டி விலை குறைக்கச் சொன்னால் விற்பவரின் ஏஜெண்டு சிரிப்பார்.

எரிவாயுவுக்கு கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் மட்டும். 2009 ஏப்ரல் வரை இருந்த கார்கி பதிவுக்கு இன்று மதிப்பில்லை. பழைய அட்டையைக் காட்டும் "நம்ம ஆள்" வேண்டாம். பாய்லருக்குப் பதினைந்து வயது தாண்டிவிட்டால் நன்றாக ஓடினாலும் புதியதன் விலையைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: சுவரில் ஈரம், "ஹை மாய்ஸ்ச்சர் ரீடிங்ஸ்"

எனக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் இது இல்லாதது அரிது. வீண்செலவு அதிகம் நடப்பதும் இதில்தான். சர்வேயர் கையில் வைத்திருக்கும் இரண்டு ஊசிக் கருவி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஊசிக்கும் இடையே மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கிறது. அது மரத்துக்காக அளவு குறிக்கப்பட்ட கருவி. சுவர்ப் பூச்சில் உப்பு ஏறியிருந்தாலும், சுவர்த்தாளின் பின்னே உலோகத் தகடு இருந்தாலும் எண் எகிறும். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஈரம் எந்த உயரத்தில், எந்தச் சுவரில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

ரிப்போர்ட் அநேகமாக "ஈர நிபுணரை அழையுங்கள்" என்று முடியும். இலவசமாக வந்து பார்க்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் பெரும்பாலும் சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் வேலையை விற்பவை. துளையிடும் வேலை விற்பவர் துளையிடச் சொல்வதில் வியப்பில்லை. முதலில் நீங்களே வெளியே போய்ப் பாருங்கள்.

*தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் ஈரம் என்றால்*

அதே சுவரின் வெளிப்பக்கத்துக்குப் போங்கள். செங்கல் வரிசைகளுக்கு இடையே, அடியில் ஓரிடத்தில் கறுத்த மெல்லிய கோடு ஒன்று ஓடும். சில வீடுகளில் ஸ்லேட் விளிம்பு தெரியும். நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் படலம் அதுதான். நிலமட்டம் அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும், அதாவது இரண்டு செங்கல் வரிசை. குனிந்து எண்ணுங்கள். ஒரு வரிசைதான் தெரிகிறது, அல்லது கோடே தெரியவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

நம்மவர்கள் வாழும் தெருக்களில் இதற்கு முதல் காரணம் கார் நிறுத்தும் தளம். முன்தோட்டத்தை எடுத்துவிட்டு, பழைய கான்கிரீட்டை உடைக்காமல் அதன்மேலேயே மணலும் கல்லும் பரப்பிச் சுவரோடு ஒட்டி முடித்துவிடுவார்கள். இரண்டாவது கார் நிற்க இடம் கிடைக்கும். மழைநீர் சுவரில் தெறித்து, படலத்தைத் தாண்டி, முன்னறைப் பூச்சை ஊறவைக்கும். அதே வேலையில் மரத்தரைக்குக் காற்றுவிடும் துளைச் செங்கற்களும் புதைந்துபோயிருக்கும். சுவரோரம் ஒரு பட்டை கல்லை எடுத்து, பள்ளம் வெட்டிச் சரளை போடுவது மிகச் சிறிய வேலை. அதைச் செய்யாமல் உள்ளே ரசாயனம் ஏற்றினால் பணம்தான் வற்றும். காரணம் நீங்கிய பிறகும் சுவர் மெதுவாகத்தான் காயும். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. 9 அங்குலச் செங்கல் சுவருக்கு முக்கால் வருடம். அதற்குமுன் புதுப் பூச்சு பூசாதீர்கள்.

*மேலே, திட்டுத்திட்டாக என்றால்*

மழை நாளில் குடையோடு போய் நில்லுங்கள். கூரைநீர் வாய்க்கால் வழிகிறதா, இறங்குகுழாயின் மூட்டில் கசிகிறதா, சுவரில் பச்சைப்பாசிக் கோடு இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது செங்கல் இடுக்குக் காரை உதிர்ந்திருப்பது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய விக்டோரியா காலத்துச் சுவருக்கு மேல் யாராவது சிமெண்டு பூசியிருந்தால் அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். அந்தப் பூச்சை எடுப்பது பெரிய செலவு.

*மூலையில், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை என்றால்*

இது பெரும்பாலும் வீட்டுக்குள் உண்டாகும் நீராவி, குளிர்ந்த சுவரில் படிவது. குளியலறை விசிறி ஓடுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்; காகிதம் ஒட்டவேண்டும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே அனுப்புகிறதா, அல்லது வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். தினமும் சோறு வடித்துக் குழம்பு கொதிக்கும் நம் சமையலுக்குக் குழாய் வழியே வெளியேற்றும் விசிறிதான் வேண்டும்.

*தீமூட்டும் இடத்துச் சுவரில் பழுப்புக்கறை என்றால்*

அடைத்த புகைபோக்கியில் காற்றோட்டம் இல்லை, அல்லது மேலே மழை இறங்குகிறது. பழைய கரியின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கறையாக வரும். உச்சியில் மூடி, அடைப்பில் ஒரு காற்றுத்துளை. பல வீடுகளில் அதுவே போதும்.

*எப்போது வெளி ஆள்?* ஈரச் சுவருக்கு அருகில் மரத்தரை இருந்தால் குதிகாலைத் தூக்கிப் பொத்தென்று வையுங்கள். கண்ணாடி அலமாரி கலகலத்தால், தரை தொய்ந்தால், காளான் வாடை வந்தால், அடியில் மரம் உளுத்திருக்கலாம். அப்போது ரசாயனமோ மராமத்தோ விற்காத, கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை மட்டும் தரும் தனி ஈர சர்வேயரை அழையுங்கள்.

அறிகுறி: வெடிப்பு, "மூவ்மென்ட்"

இங்கே ஒரு சொல்லே எல்லாவற்றையும் மாற்றும். "ஹிஸ்டாரிக்", "லாங்ஸ்டாண்டிங்" என்று இருந்தால் வீடு எப்போதோ அசைந்து அடங்கிவிட்டது என்று சர்வேயர் கருதுகிறார். லண்டன் களிமண்ணில் நூறு ஆண்டு நின்ற வீட்டில் கதவுச் சட்டம் கோணலாக இருப்பது குற்றமல்ல. "ப்ரோக்ரெசிவ்" என்றோ, "இன்னும் நடக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றோ இருந்தால் மற்ற எல்லா 3களையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முடியுங்கள்.

அளக்கக் கருவி வேண்டாம். பன்னிரண்டு மூலை ஒரு பவுண்டு நாணயத்தின் தடிப்பு 2.8 மில்லிமீட்டர். நாணயம் வெடிப்பில் நுழையவில்லையா, பெரும்பாலும் பூச்சு வேலை. இரண்டு நாணயத்தைச் சேர்த்துப் பிடித்தாலும் நுழைகிறதா, 5 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிஆர்இ வகுத்த அளவுகோலில் 5 வரை தோற்றக் குறை. 5இலிருந்து 15 வரை கதவு, ஜன்னல் இறுகத் தொடங்கும் நிலை. 15இலிருந்து 25 வரை கடுமையான சேதம். 25ஐத் தாண்டினால் கட்டமைப்புக்கே ஆபத்து.

அகலத்தைவிட வடிவம் முக்கியம். பூச்சில் மயிரிழை வலை காய்ந்த பூச்சு, விட்டுவிடுங்கள். பின்னால் கட்டிய பகுதியும் பழைய வீடும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக இருந்தால் இரண்டும் தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. பொதுவாகச் சிறிய வேலை. முன்னால் துருத்திய ஜன்னலுக்கு மேலே என்றால், பழைய மரச்சட்டம் மேற்சுமையைத் தாங்கியிருக்கும், அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போட்டவர் உத்தரம் வைக்க மறந்திருப்பார். ஹாரோ பக்கத்து வீடுகளில் இது சலிக்கச் சலிக்கப் பார்த்தது. உத்தரம் வைத்துச் சரிசெய்யலாம், கொஞ்சம் செலவு. செங்கல் இடுக்குகளில் படிக்கட்டுப்போல ஏறி, மேலே அகன்று கீழே ஒடுங்கி, உள்ளும் வெளியும் ஒரே இடத்தில் தெரிந்தால் அத்திவாரம் இறங்குகிறது என்ற சந்தேகம் எழவேண்டும்.

அப்படியென்றால் சுற்றிப் பாருங்கள். பெரிய மரம் எத்தனை தூரத்தில் நிற்கிறது? வெடிப்புக்கு அருகில் சாக்கடை மூடி இருக்கிறதா? களிமண் வறண்டால் சுருங்கும். மரம் உறிஞ்சினால் இன்னும் சுருங்கும். இங்கிலாந்து முதன்முறை 40 டிகிரியைத் தொட்ட 2022 கோடைக்குப் பிறகு பூசி மறைத்த வெடிப்புகள் நிறைய உண்டு. புதுச் சாயம் அடித்த ஒற்றைச் சுவரைச் சந்தேகத்தோடு பாருங்கள். "மரத்தை வெட்டிவிட்டால் போச்சு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டைவிட மூத்த மரத்தைச் சாய்த்தால் களிமண் நீரை மீண்டும் ஏற்று வீங்கி வீட்டைத் தூக்கக்கூடும். கவுன்சிலின் பாதுகாப்பு உத்தரவு உள்ள மரத்தை அனுமதியின்றித் தொடுவது குற்றம்.

செலவில்லாத கேள்வி இரண்டு. சொலிசிட்டரிடம்: விற்பவர் சப்சிடென்ஸுக்காக (அத்திவாரம் இறங்கியதற்காக) எப்போதாவது இன்சூரன்ஸ் கோரியிருக்கிறாரா? இன்சூரன்ஸ் நிறுவனத்திடம்: இந்த முகவரிக்குச் சப்சிடென்ஸ் சேர்த்துக் காப்பீடு தருவீர்களா? இரண்டாவதற்கு "இல்லை" என்று வந்தால் வங்கியும் பின்வாங்கலாம். அத்திவாரத்துக்கு அடியில் கான்கிரீட் போட்ட பழைய வீடு என்றால் அந்த வேலையின் சான்றிதழ் இருக்கிறதா, இப்போதைய காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கும் தொடருமா என்று கேளுங்கள்.

பணம் கொடுத்து அழைக்கவேண்டியவர் சார்ட்டர்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பில்டர் அல்ல. "அண்ணன் பில்டர்தான், பார்த்துச் சொல்வார்" என்பதை இந்த ஓர் இடத்தில் ஏற்காதீர்கள். என் போன்றவனிடம் கேட்டாலும் இன்ஜினியரைத்தான் கைகாட்டுவேன். அவர் பல மாதம் கண்காணிக்கவேண்டும் என்று எழுதினால், நீங்கள் காத்திருக்கத் தயாரா என்பதுதான் அடுத்த கேள்வி.

அறிகுறி: கூரையும் மாடமும் (லாஃப்ட்)

நழுவிய ஓடு, விரிசல்விட்ட முகட்டுக் காரை, புகைபோக்கியடியில் தேய்ந்த ஈயத்தகடு: இவை கண்ட 3கள், ஆனாலும் சிறியவை. சாரக்கட்டுச் செலவுதான் பெரிது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சாரத்தில் முடிக்கும்படி விலை கேளுங்கள்.

ஸ்லேட் கூரையை எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் ஓடு போட்டிருந்தால், அடியில் மரச்சட்டங்களுக்கு முட்டுக்கொடுத்தார்களா என்று கேளுங்கள். தெருவில் நின்று முகட்டுக்கோட்டைப் பாருங்கள். நடுவில் தொய்ந்தால் இன்ஜினியர். ஃபெல்ட் போட்ட தட்டைக் கூரை இருபது வயதைத் தாண்டினால் திருத்துவதைவிட மாற்றுவதே கணக்கு.

மாடத்தில் மரங்களுக்கு இடையே நுரை பீய்ச்சப்பட்டிருந்தால் நிறுத்துங்கள். அது மரத்தை மறைத்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும். பல வங்கிகள் கடன் தர மறுக்கின்றன. வேறெந்த சோதனைக்கும் பணம் செலவழிக்கும் முன் உங்கள் மோர்ட்கேஜ் தரகரிடம் சொல்லுங்கள். விற்பவர் தன் செலவில் அகற்றினால் அன்றி இதில் காலம் கடத்தாதீர்கள்.

அறிகுறி: "சிம்னி பிரெஸ்ட் ரிமூவ்ட்"

படிப்பதற்குச் சின்ன வரி. ஆனால் என் பார்வையில் ரிப்போர்ட்டிலேயே ஆபத்தான வரி இதுதான். அறையைப் பெரிதாக்குவதற்காகக் கீழே புகைபோக்கிச் சுவரை இடித்துவிடுவார்கள். கூரைக்கு மேலே செங்கல் புகைபோக்கி அப்படியே நிற்கும். இடையில் அதைத் தாங்குவது எது?

கீழறையில் சுவர் துருத்தவில்லை, மேலறையில் துருத்துகிறது என்றால் இடையே உத்தரம் இருக்கவேண்டும். இரண்டிலும் இல்லை என்றால் மாடத்தில் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு உத்தரம் தெரிந்தால் பாதி நிம்மதி. கட்டட விதிமுறைச் சான்றிதழ் கிடைத்தால் மீதியும். மரக்கட்டை முட்டு மட்டும் என்றாலோ, ஒன்றுமே தெரியவில்லை என்றாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கும் வரை ஒப்பந்தம் பரிமாறாதீர்கள். அண்டை வீட்டாரோடு பகிரும் சுவர் என்றால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டமும் திருத்த வேலையில் குறுக்கிடும்.

அறிகுறி: சாக்கடை

முற்றத்து மூடியைத் திறக்க முடிந்தால் சர்வேயர் திறப்பார், இல்லாவிட்டால் இல்லை. பழைய மண்குழாய், அருகில் மரம், அல்லது வெடிப்பு இருந்தால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிசிடிவி சோதனை செய்யுங்கள். சில நூறு பவுண்டுக்குள் முடியும். 2011 அக்டோபர் 1 முதல், பல வீடுகள் பகிரும் குழாய்களும் உங்கள் எல்லைக்கு வெளியே ஓடும் குழாய்களும் பெரும்பாலும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே உடைப்பு எங்கே இருக்கிறது என்பதைப் படத்தில் குறித்துத் தரச்சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் என்றால் செலவு உங்களுடையதல்ல. பின்பக்க விரிவாக்கம் அந்தப் பொதுக்குழாயின் மேல் கட்டப்பட்டிருந்தால் தண்ணீர் நிறுவனத்தின் ஒப்புதல் தாளைச் சொலிசிட்டர் கேட்கவேண்டும்.

அறிகுறி: எச் பிரிவில் "உங்கள் சட்ட ஆலோசகர் உறுதிசெய்ய வேண்டும்"

சர்வேயர் ரிப்போர்ட்டைச் சொலிசிட்டருக்கு அனுப்புவதில்லை. நீங்கள்தான் அனுப்பவேண்டும். எச் பிரிவை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு அனுப்புங்கள். முழு பிடிஎஃப்பையும் அனுப்பி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அது படிக்கப்படாமல் கிடக்கும்.

பெரும்பாலும் வருபவை: 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னலுக்கு ஃபென்சா (ஜன்னல் வேலை விதிப்படி நடந்ததற்கான) சான்றிதழ் இல்லை, சுவர் எடுத்ததற்குக் கட்டட விதிமுறைச் சான்றிதழ் இல்லை, மாடத்தை அறையாக்கியதற்கு எதுவும் இல்லை. ஜன்னலை மறந்துவிடுங்கள். மாட அறையை விடாதீர்கள். சான்றிதழ் இல்லாத மாட அறை சட்டப்படி படுக்கையறை அல்ல. தீப்பிடித்தால் இறங்கும் வழியும் தரையின் வலுவும் யாரும் சோதித்ததில்லை. விளம்பரத்தில் நான்கு படுக்கையறை என்று போட்டு நான்குக்கு விலை கேட்டிருந்தால், நீங்கள் வாங்குவது மூன்றும் ஒரு பொருள் வைக்கும் மாடமும்தான்.

விற்பவர் பக்கம் "இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்று வரும். அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்புக்கு. உத்தரம் இல்லாமல் கூரை தொய்ந்தால் ஒரு பவுண்டும் வராது. இன்னொன்று: சந்தேகம் தாங்காமல் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துவிட்டால் அந்த இன்சூரன்ஸ் கிடைக்காமலே போகலாம். சொலிசிட்டரிடம் பேசாமல் கவுன்சிலை அழைக்கவேண்டாம்.

அறிகுறி: "என்ஐ", பார்க்கப்படவில்லை

மாட மூடி பூட்டியிருந்தது, அறை முழுக்கப் பொருள் அடுக்கியிருந்தது, கூரை கண்ணில் படவில்லை. எங்கே என்ஐ விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொட்டகைக்கு என்றால் விடுங்கள். மாடத்துக்கோ பிரதான கூரைக்கோ என்றால் திறந்துவைக்கச் சொல்லி மறுபடி போய்ப் பார்க்க சர்வேயர் என்ன கேட்கிறார் என்று விசாரியுங்கள். திறந்துவைக்க ஏஜெண்டு மறுத்தால், அந்த மறுப்பையும் காணாத 3ஆகக் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: ஆஸ்பெஸ்டாஸ், ஜப்பானிய நாட்வீட்

ஆஸ்பெஸ்டாஸ் பிரிட்டனில் முழுமையாகத் தடையானது 1999இல். அதற்கு முந்தைய வீட்டில் சுழிசுழியாகப் பூசிய கூரைப்பூச்சோ கராஜின் நெளிதகடோ இருந்தால் சந்தேகம் எழுதத்தான் செய்வார்கள். உடையாமல் இருந்தால் தொடாமல் விடுவதே வழி. துளையிடும் முன், சுரண்டும் முன் மட்டும் மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

வேகமாகப் பரவும் களைச்செடியான நாட்வீட் வேறு கதை. வங்கிதான் முடிவெடுக்கும். காப்பீட்டோடு கூடிய பத்தாண்டு உத்தரவாதமுள்ள ஒழிப்புத் திட்டம் இருந்தால் பல வங்கிகள் கடன் தரும். விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் இதற்கு நேரடிக் கேள்வி இருக்கிறது. "தெரியாது" என்று குறித்திருந்தால் தோட்டத்தை மறுபடி நடந்து பாருங்கள். குளிர்காலத்தில் இலை இருக்காது, மூங்கில்போலக் காய்ந்த பழுப்புத் தண்டுகள் மட்டும் நிற்கும்.

அறிகுறி: மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே

முதலில் சரியான எண்ணைத்தான் பார்க்கிறீர்களா? ரிப்போர்ட்டில் "ரீஇன்ஸ்டேட்மென்ட் காஸ்ட்" என்று ஓர் எண் இருக்கும். வீடு எரிந்து தரைமட்டமானால் திரும்பக் கட்டும் செலவு அது, இன்சூரன்ஸுக்கு மட்டும். அதைச் சந்தை மதிப்பு என்று எண்ணி இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு.

உண்மையிலேயே சந்தை மதிப்புதான் குறைவு, அதுவும் வங்கியின் மதிப்பீடு என்றால் வழிகள் சில. விலையைக் குறைக்கக் கேட்பது செலவில்லாதது. அண்மையில் அதே தெருவில் விற்ற வீடுகளின் விலையைக் காட்டி வங்கியிடம் மறுபரிசீலனை கேட்பது அடுத்தது. தரகர் செய்வார், கிடைப்பது அரிது. வேறு வங்கிக்குப் போனால் நாளும் கட்டணமும் போகும். இடைவெளியைக் கைப்பணத்தால் நிரப்புவது கடைசி வழி. அதற்கு மாமாவிடம் கடன் கேட்பதாக இருந்தால் சொலிசிட்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டே ஆகவேண்டும். கடன் என்றால் வங்கிக்கும் தெரிவிக்கவேண்டிவரும்.

விலையைத் திரும்பப் பேசும்போது

ரிப்போர்ட்டை முழுதாக ஏஜெண்டுக்கு அனுப்பாதீர்கள். "எல்லாம் 3" என்று பொதுவாகப் பேசினால் "பழைய வீடென்றால் அப்படித்தான்" என்று பதில் வரும். கண்ட 3களில் பெரியது இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுங்கள். அந்தந்தப் பக்கத்தோடு, அந்தந்தத் தொழிலாளர் எழுத்தில் தந்த விலையையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்களுக்கு முதலிலேயே தெரிந்த குறைக்குக் குறைப்புக் கேட்காதீர்கள். ஒழுகும் கராஜைப் பார்த்துத்தானே விலை சொன்னீர்கள்.

விற்பவர் தானே திருத்தித் தருகிறேன் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போகிற வீட்டுக்கு யாரும் நல்ல வேலை செய்வதில்லை. விலையில் குறைத்துக்கொண்டு நீங்களே செய்வது மேல். விலை மாறினால் சொலிசிட்டர் வங்கிக்குத் தெரிவிப்பார். கடன் தொகையும் மாறலாம், தரகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் பரிமாறும் வரை இரு தரப்பும் விலகலாம். சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் கொடுத்த பணம் மட்டும் போகும். பரிமாறிய பிறகு விலகினால் வழக்கமாகப் பத்து சதவீத வைப்புப்பணமும் போய்விடும். ஆகவே இன்ஜினியரின் அறிக்கை, சிசிடிவி படம், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பதில் ஆகிய மூன்றும் வந்துசேரும் முன் தேதி குறிக்க அவசரப்படுத்தினால், யார் அவசரப்படுத்தினாலும், "சொலிசிட்டர் இன்னும் சொல்லவில்லை" என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.